இரண்டு விடைத் தொகுப்புகளில் எது மேல்? கரும்பு லாரிக் கணக்கை வைத்து அளக்கும் முறை

மொரிசியஸில் ஜூன் வாக்கில் தொடங்கும் கரும்பு வெட்டு டிசம்பர் வரை போகும். வெட்டிய கரும்பு காத்துக் கிடக்கக் கிடக்கச் சர்க்கரை குறையும். வெட்டுமுகம் வழியாகப் புகும் பாக்டீரியா சுக்ரோஸைத் தின்று டெக்ஸ்ட்ரானை உண்டாக்கும். ஆலையில் அது சாற்றைக் கொழகொழப்பாக்கிச் சர்க்கரை படிகமாவதைக் கெடுக்கும். இயந்திரம் துண்டுதுண்டாக வெட்டிய கரும்பில் வெட்டுமுகம் அதிகம் என்பதால் கெடுதலும் வேகம். முன்பு தீவு முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்த ஆலைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. கரும்பு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

இங்கே லாரி அட்டவணை போடுபவருக்கு இரண்டு இலக்குகள்: ஒரு நாள் போக்குவரத்துச் செலவு குறைய வேண்டும், வெட்டுக்கும் அரைவைக்கும் இடைப்பட்ட நேரமும் குறைய வேண்டும். லாரியைக் கூட்டினால் நேரம் குறையும், செலவு ஏறும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். எனவே அட்டவணை தேடும் நல்ல கணினி நிரல் ஒரே ஒரு விடையை, அதாவது ஒரே அட்டவணையை, தராது, ஒரு தொகுப்பைத் தரும். இரண்டு நிரல்கள் இரண்டு தொகுப்புகளைத் தந்தால் எதை எடுப்பது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. கீழே வரும் ரூபாயும் மணியும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை, எந்த ஆலையின் பதிவும் அல்ல. ஆனால் ஒவ்வோர் எண்ணையும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். சரிபார்க்கவும் வேண்டும். கையில் ஒருமுறை போட்டுப் பார்க்காத அளவையை நிரலிடம் கேட்டு வாங்கி நம்புவதுதான் இந்தத் துறையில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்குக் காரணம்.

சிவப்புத் தொகுப்பு (செலவு ஆயிரம் ரூபாயில், தாமதம் மணியில்): 40, 20 | 50, 14 | 65, 10 | 90, 8

நீலத் தொகுப்பு: 45, 16 | 48, 15 | 52, 13 | 58, 12

வரைபடத்திலும் இதே இரண்டு நிறங்களைப் போடுங்கள். நாட்டுக் கொடியின் முதல் இரண்டு பட்டைகள் என்பதால் மறக்காது. கிடையச்சில் செலவு, நிலையச்சில் தாமதம். இரண்டும் குறைவது நல்லது, ஆகவே இடது கீழ் மூலைதான் நாம் போக விரும்பும் திசை. படத்தைப் பார்த்ததுமே தெரியும்: சிவப்பு அகலமாகப் பரந்திருக்கிறது, நீலம் நடுவில் நெருக்கமாகக் குவிந்திருக்கிறது.

அளப்பதற்கு முன் கழுவ வேண்டியவை

எல்லா இலக்குகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்றைக் குறைக்கவும் இன்னொன்றைக் கூட்டவும் வேண்டியிருந்தால், கூட்ட வேண்டியதற்கு எதிர்க்குறி போட்டுக் குறைக்க வேண்டியதாக மாற்றிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் எந்த நிரலும் பிழை காட்டாது. தலைகீழான விடையை அமைதியாகத் தந்துவிடும்.

அடுத்து, கட்டுப்பாட்டை மீறிய விடைகளை நீக்குங்கள். ஓட்டுநருக்கு 14 மணி நேர வேலை கொடுக்கும் அட்டவணை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது விடை அல்ல. பிறகு இரட்டைப் பதிவுகளை எடுத்துவிடுங்கள், செலவு 50.0000001 என்றும் 50 என்றும் இரண்டு விடைகள் இருந்தால் அவை ஒன்றுதான். கடைசியாக, தன் தொகுப்புக்குள்ளேயே வேறொரு விடையிடம் எல்லா விதத்திலும் தோற்ற விடைகளைக் களையுங்கள்.

இலக்கின் மதிப்பு உருவகப்படுத்தலிலிருந்து வருகிறது என்றால் இன்னொரு வேலை உண்டு. மழை, லாரிப் பழுது, ஆலை நிற்பது போன்றவற்றைச் சீட்டுப்போட்டுக் கணக்கிடும் மாதிரியில் சில விடைகள் அதிர்ஷ்டத்தால் நல்லவையாகத் தெரியும். நிரல் சிறந்ததைத் தேடிப் பொறுக்குவதால், அதிர்ஷ்டம் அடித்தவைதான் கடைசி வரை தங்கும். எனவே கடைசித் தொகுப்பை எடுத்து, நிரல் ஓடும்போது பார்க்காத புதிய நாட்களில், 200 நாள் என்று வையுங்கள், மறுபடி மதிப்பிடுங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் அதே 200 நாட்கள். புதிய சராசரிகளை வைத்துத் தோற்றவற்றை மீண்டும் களையுங்கள். தொகுப்பு பாதியாகச் சுருங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நிரலை ஓட்டுவதற்கான கணக்கீட்டுச் செலவும் சமமாக இருக்க வேண்டும். விடைக் கூட்டத்தை நிரல் ஒருமுறை புதுப்பிக்கும் சுற்றைத் தலைமுறை என்பார்கள். தலைமுறை எண்ணிக்கையைச் சமமாக்கினால் போதாது. ஒரு நிரல் தலைமுறைக்கு 100 மதிப்பீடும் இன்னொன்று 300 மதிப்பீடும் செய்யலாம். மதிப்பீடுகளின் மொத்த எண்ணிக்கையைச் சமமாக்குங்கள். தொகுப்பின் அளவும் அப்படியே. ஒரு நிரல் ஓட்டத்தில் கண்ட எல்லா நல்ல விடைகளையும் கிடங்கில் சேர்த்து 2000 தருகிறது, மற்றது கடைசித் தலைமுறையின் 100ஐ மட்டும் தருகிறது என்றால் ஒப்பீடு தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இரண்டுக்கும் கிடங்கு வையுங்கள், அல்லது இரண்டிலிருந்தும் ஒரே முறையில் 100ஐப் பொறுக்குங்கள்.

முதலில் ஆதிக்கம், பிறகுதான் எண்

ஒரு விடை இன்னொன்றை ஆதிக்கம் செய்கிறது என்றால், எந்த இலக்கிலும் அதைவிட மோசமில்லை, ஏதாவது ஓர் இலக்கிலாவது மேல் என்று பொருள். இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரேடோ பரேட்டோவின் பெயர் இதோடு ஒட்டிக்கொண்டிருப்பதும், யாரிடமும் தோற்காத விடைகளின் கோட்டைப் பரேட்டோ முகப்பு என்று அழைப்பதும் தெரிந்ததே. தொகுப்புகளுக்கும் இதே பேச்சு: நீலத்தின் ஒவ்வொரு விடைக்கும் அதைவிட மோசமில்லாத ஒரு விடை சிவப்பில் இருந்து, இரண்டு தொகுப்பும் ஒன்றாகவும் இல்லாவிட்டால், சிவப்பு மேல். அதோடு வேலை முடிந்தது. வேறு எந்த அளவையும் வேண்டாம்.

நம் கணக்கில் அப்படி இல்லை. சிவப்பின் 50, 14ஐ எடுங்கள். நீலத்தின் 48, 15 மலிவு, ஆனால் ஒரு மணி தாமதம். 52, 13 விரைவு, ஆனால் விலை கூட. ஒன்றையொன்று வெல்லவில்லை. எட்டு விடைகளையும் ஜோடி ஜோடியாகப் பார்த்தால் எதுவும் எதையும் ஆதிக்கம் செய்யவில்லை. எதிர்த் தொகுப்பில் எத்தனை பங்கை நம் தொகுப்பு வெல்கிறது என்று எண்ணும் மூடும் விகிதம் இரு பக்கமும் 0. இந்த விகிதத்தைப் பலரும் முதல் ஆயுதமாக எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அது ஊமை.

இரண்டு தொகுப்பும் ஒப்பிட முடியாதவை என்பது இங்கே தோல்வி அல்ல, தகவல். இனி எந்த எண்ணைக் கொண்டு ஒன்றை மேல் என்று சொன்னாலும், அந்த எண்ணுக்குள் யாரோ ஒருவருடைய விருப்பம் ஒளிந்திருக்கிறது. அது யாருடைய விருப்பம், எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அளப்பதுதான் நம் வேலை.

ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

செலவு 40இலிருந்து 90 வரை, தாமதம் 8இலிருந்து 20 வரை. தூரம் கணக்கிடும் அளவைகளில் செலவு தாமதத்தை விழுங்கிவிடும். செலவை ஆயிரத்தில் எழுதாமல் ரூபாயில் எழுதினால் தாமதம் இருப்பதே தெரியாது. ஆகவே இரண்டு தொகுப்பையும் சேர்த்து, சேர்ந்த முகப்பின் மிகச் சிறிய மதிப்பை 0 ஆகவும் மிகப் பெரியதை 1 ஆகவும் வையுங்கள். செலவிலிருந்து 40ஐக் கழித்து 50ஆல் வகுக்கவும். தாமதத்திலிருந்து 8ஐக் கழித்து 12ஆல் வகுக்கவும்.

சிவப்பு: 0, 1 | 0.2, 0.5 | 0.5, 0.167 | 1, 0

நீலம்: 0.1, 0.667 | 0.16, 0.583 | 0.24, 0.417 | 0.36, 0.333

இங்கே மூன்று குழிகள். தொகுப்புக்குத் தொகுப்பு தனித்தனியாக எல்லை எடுப்பது முதல் குழி. அப்போது ஒவ்வொரு தொகுப்பும் தன் கண்ணாடியில் அழகாகத்தான் தெரியும். எல்லாத் தொகுப்புகளுக்கும், எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே எல்லை. இரண்டாவது, ஓரத்தில் தொங்கும் ஒற்றை விடை. ஏதோ ஓர் ஓட்டத்தில் 400 ஆயிரம் ரூபாய், 7.9 மணி என்று ஒன்று வந்துவிட்டால் அதை யாரும் ஆதிக்கம் செய்ய முடியாது, முகப்பில் உட்கார்ந்துகொள்ளும். செலவின் வீச்சு 50இலிருந்து 360 ஆகும். உண்மையான விடைகள் எல்லாம் முதல் 14 சதவீத இடத்தில் நசுங்கும். இதற்கு மருந்து, நடைமுறையில் யாரும் ஏற்காத எல்லையை ஓட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்து அதற்கு அப்பால் இருப்பவற்றை வெட்டுவது. முடிவைப் பார்த்த பிறகு வெட்டினால் அது வேறு வேலை. மூன்றாவது, பிறகொரு நாள் மூன்றாவது நிரலைச் சேர்த்தால் எல்லைகள் மாறும், பழைய எண்கள் எல்லாம் செல்லாது. விடைகளைக் கோப்பில் வைத்திருங்கள், அளவை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விடைகளை அழித்துவிடாதீர்கள். இதே காரணத்தால்தான் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அச்சான எண்ணையும் இன்னொன்றில் அச்சான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது.

ஹைப்பர்வால்யூம்: கையால்

ஆய்வாளர்கள் சிட்ஸ்லரும் தீலேயும் 1990களின் இறுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவை இது. மோசமான மூலையில் ஓர் ஒப்புப் புள்ளியை நட்டு, அதற்கும் முகப்புக்கும் இடையில் தொகுப்பு ஆளும் பரப்பை அளக்கிறது. பரப்பு பெரிதாக இருந்தால் நல்லது. இரண்டு இலக்கு என்றால் மாடிப்படிகளின் பரப்புதான்.

ஒப்புப் புள்ளியை 1.1, 1.1இல் வையுங்கள். சிவப்பைச் செலவு வரிசையில் அடுக்கி, ஒரு விடையிலிருந்து அடுத்த விடை வரையுள்ள அகலத்தை, 1.1இலிருந்து அந்த விடையின் தாமதத்தைக் கழித்த உயரத்தால் பெருக்குங்கள்.

0 முதல் 0.2 வரை: 0.2 × 0.1 = 0.02
0.2 முதல் 0.5 வரை: 0.3 × 0.6 = 0.18
0.5 முதல் 1 வரை: 0.5 × 0.933 = 0.467
1 முதல் 1.1 வரை: 0.1 × 1.1 = 0.11

கூட்டினால் 0.777. நீலத்துக்கு அதே முறையில் 0.026 + 0.041 + 0.082 + 0.567 = 0.717. சிவப்பு வென்றது.

இப்போது ஒப்புப் புள்ளியை மட்டும் நகர்த்திப் பாருங்கள். 1, 1இல் வைத்தால் சிவப்பு 0.567, நீலம் 0.550, இடைவெளி சுருங்கியது. சிவப்பின் இரண்டு ஓர விடைகளும் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்பதால் அவற்றுக்குப் பரப்பு சுழியம், அவை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டன. 1.333இல் வைத்தால் சிவப்பு 1.344, நீலம் 1.183, இடைவெளி விரிந்தது. ஒப்புப் புள்ளி தூரம் போகப் போக ஓர விடைகளின் எடை கூடும் என்பதுதான் விதி.

அடுத்தது முக்கியமான திருப்பம். ஆலைத் தரப்பு சொல்கிறது: நாளைக்கு 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டோம், 18 மணிக்கு மேல் காத்த கரும்பை வாங்க மாட்டோம். அப்படியானால் ஒப்புப் புள்ளி 70, 18. அலகை மாற்றாமலே கணக்குப் போடலாம். சிவப்பில் 40, 20ம் 90, 8ம் எல்லைக்கு வெளியே விழுகின்றன. மிஞ்சிய இரண்டும் தருவது 15 × 4 + 5 × 8 = 100. நீலம்: 3 × 2 + 4 × 3 + 6 × 5 + 12 × 6 = 120. இப்போது நீலம் முன்னால்.

விடைகள் ஒன்றும் மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பது இந்தத் தீவின் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1998இல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து தன் வழக்கமான இடத்திலிருந்து கீழே இறங்கியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. தாளின் மதிப்பு என்னவோ அதேதான்.

எந்த இடத்தில் நடுவது, அப்படியானால்? முடிவெடுப்பவரின் உண்மையான எல்லை தெரிந்தால் அதுவே ஒப்புப் புள்ளி. வேறு யோசனை வேண்டாம். தெரியாவிட்டால், ஒவ்வொரு விடையும் ஏறக்குறைய சமமாகப் பங்களிக்கும்படி வைக்கும் வழி ஒன்றை இஷிபுச்சியும் உடனிருந்தோரும் காட்டினார்கள்: இரண்டு இலக்கில் தொகுப்பில் எத்தனை விடையோ அதில் ஒன்றைக் கழித்து, அதன் தலைகீழை 1உடன் கூட்டுவது. 4 விடைக்கு 1.333, 100 விடைக்கு 1.01. எல்லோரும் எழுதும் 1.1 பழக்கத்தில் வந்தது. கேடில்லை, ஆனால் விதியும் இல்லை. எதை எடுத்தாலும் இன்னும் இரண்டு இடத்தில் நட்டுப் பார்த்து, வரிசை மாறுகிறதா என்று சொல்லிவிடுங்கள். மாறினால் அதை மறைக்காமல் சொல்வதுதான் முடிவு.

ஹைப்பர்வால்யூமுக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. ஒரு தொகுப்பு இன்னொன்றை ஆதிக்கத்தில் வென்றால், ஒப்புப் புள்ளி எல்லா விடைகளுக்கும் அப்பால் இருக்கும்வரை, பரப்பும் கண்டிப்பாகப் பெரிதாக இருக்கும். மறுபக்கம் உண்மையில்லை: பரப்பு பெரிது என்பதால் ஆதிக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒற்றைத் தொகுப்புக்கு ஓர் எண் தரும் அளவைகளை எத்தனை சேர்த்தாலும், ஒரு தொகுப்பு இன்னொன்றைவிட மேல் என்பதைப் பொதுவாக உறுதி செய்ய முடியாது என்று 2003இல் சிட்ஸ்லர் குழு காட்டிவிட்டது. அலகை நேர்கோட்டு முறையில் மாற்றினால், ஒப்புப் புள்ளியும் கூடவே நகரும் வரை, வரிசை மாறாது. எல்லாப் பரப்பும் ஒரே எண்ணால் பெருக்கப்படும், அவ்வளவுதான். மேலே 600ஆல் (50 × 12) வகுத்துப் பார்த்தால் 100ம் 120ம் 0.167ம் 0.2ம் ஆகும். மடக்கை போன்ற நேர்கோடல்லாத மாற்றம் செய்தால் இந்த உறுதி போய்விடும்.

இலக்குகள் நான்கு ஐந்தைத் தாண்டும்போது துல்லியக் கணக்கு நேரத்தைத் தின்னும். அப்போது ஒப்புப் புள்ளி வரையுள்ள இடத்தை ஒரு பெட்டியாக எடுத்து, அதற்குள் புள்ளிகளைச் சீராகத் தூவி, எத்தனை புள்ளிகள் தொகுப்பின் ஆட்சியில் விழுகின்றன என்று எண்ணுவார்கள். தூவும் எண்ணிக்கையை யோசித்து வையுங்கள். பெட்டியில் பாதி நிரம்பியிருந்தால் 10,000 புள்ளிக்குத் திட்டப்பிழை பெட்டியளவில் 0.005, 10,00,000 புள்ளிக்கு 0.0005. இரண்டு நிரலுக்கும் வித்தியாசம் 0.002 என்றால் முதல் எண்ணிக்கை எதையும் சொல்லாது. இரு தொகுப்புக்கும் ஒரே புள்ளிகளைத் தூவினால் வித்தியாசத்தின் பிழை குறையும்.

தூர அளவை, அதன் திருட்டுத்தனம்

தலைகீழ்த் தலைமுறைத் தூரம் (ஆங்கிலச் சுருக்கம் IGD) என்று ஒன்று உண்டு. முகப்பை நன்றாக மூடும் ஒப்புத் தொகுப்பை எடுத்து, அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நம் தொகுப்பில் பக்கத்திலிருக்கும் விடைக்கான தூரத்தின் சராசரி. சிறிதாக இருந்தால் நல்லது. உண்மை முகப்பு தெரியாத நிஜ வேலையில், எல்லா நிரலும் சேர்ந்து கண்ட விடைகளில் தோற்காதவற்றையே ஒப்புத் தொகுப்பாக எடுப்பார்கள். நம் எட்டு விடைகளையும் அப்படி எடுத்தால் சிவப்பு 0.075, நீலம் 0.172. நீலத்தின் பெரும்பகுதி தண்டனை ஒரே இடத்திலிருந்து வருகிறது: 90, 8 என்ற ஓர விடைக்கு அதன் அருகில் யாரும் இல்லை, தூரம் 0.722. அந்த விடையை ஆலை ஏற்கவே போவதில்லை என்றால் இந்தத் தண்டனைக்கு அர்த்தமும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. ஒப்புத் தொகுப்பு 0, 6 | 1, 1 | 6, 0 என்று வையுங்கள். ஒரு நிரல் 2, 2 என்ற ஒரே விடையைத் தந்தது. மற்றது 2, 5 | 5, 2 என்று இரண்டு தந்தது. 2, 2 அந்த இரண்டையும் ஆதிக்கம் செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் தூரத்தின் சராசரி முதலாவதற்கு 3.453, இரண்டாவதற்கு 2.865. தோற்றது வென்றதாகக் காட்டுகிறது!

காரணம் எளிது. 0, 6 என்ற ஒப்புப் புள்ளியிலிருந்து 2, 2க்குப் போகும்போது இரண்டாவது இலக்கு 6இலிருந்து 2ஆக நன்றாகியிருக்கிறது. அந்த நன்மையையும் தூரம் என்று எண்ணித் தண்டிக்கிறது இந்த அளவை. 2015இல் இஷிபுச்சி குழு தந்த திருத்தம், மோசமான பக்கத்துத் தூரத்தை மட்டும் எண்ணுவது. நன்றான பக்கம் சுழியம். அப்படிப் போட்டால் முதலாவது 1.805, இரண்டாவது 2.708. சரியாகிவிட்டது. கூட்டல் குறி சேர்ந்த பெயரோடு (IGD+) நிரல் தொகுப்புகளில் இது கிடைக்கிறது. இந்தக் காலத்தில் பழைய வடிவத்தை எடுக்க ஒரு காரணமும் நமக்குத் தெரியவில்லை.

எப்சிலான்: ஆலைக்காரருக்குப் புரியும் எண்

ஒரு தொகுப்பை எல்லா இலக்கிலும் எவ்வளவு குறைத்து நகர்த்தினால் அது மற்றதன் எல்லா விடைகளையும் மூடும், அதாவது ஒவ்வொன்றுக்கும் மோசமில்லாத ஒரு விடையைத் தரும், என்பதே இந்த அளவை. நம் கணக்கில் சிவப்பு நீலத்தை மூட 0.14 வேண்டும், நீலம் சிவப்பை மூட 0.333 வேண்டும். இரண்டும் சுழியத்துக்கு மேல் என்பதால் ஒப்பிட முடியாதவை என்று மறுபடியும் உறுதியாகிறது. ஏதாவது ஒன்று சுழியமோ அதற்குக் கீழோ இருந்திருந்தால் அந்தப் பக்கம் எதிலும் பின்தங்கவில்லை என்று பொருள்.

இதன் அழகு, பழைய அலகுக்குத் திருப்பலாம் என்பது. 0.14 செலவிலிருந்து வந்தது: 0.14 × 50 = 7 ஆயிரம் ரூபாய், அதாவது நீலத்தின் 58க்கும் சிவப்பின் 65க்கும் உள்ள இடைவெளி. 0.333 தாமதத்திலிருந்து வந்தது: 12 × 0.333 = 4 மணி, நீலத்தின் 12க்கும் சிவப்பின் 8க்கும் உள்ள இடைவெளி. “சிவப்பை எடுத்தால் நீங்கள் இழப்பது அதிகபட்சம் 7 ஆயிரம் ரூபாய், நீலத்தை எடுத்தால் அதிகபட்சம் 4 மணி” என்று சொன்னால் கணக்கு படிக்காதவருக்கும் புரியும். ஹைப்பர்வால்யூம் 0.06 கூட என்று சொன்னால் யாருக்குப் புரியும்? இந்த அளவையின் பலவீனம், ஒரே ஒரு மோசமான இடத்தை வைத்தே தீர்ப்புச் சொல்வது.

விடைகள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன என்று மட்டும் பார்க்கும் பரவல் அளவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகப்பிலிருந்து வெகுதூரத்தில் அணிவகுப்புபோல் சீராக நிற்கும் மோசமான தொகுப்பு அவற்றில் முதல் பரிசு வாங்கும். தனியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு ஓட்டம் போதாது

இந்த வகை நிரல்கள் சீட்டுப்போட்டுத் தேடுபவை. சீட்டுப்போடுவதைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றினால் விடை மாறும். ஒவ்வொரு நிரலையும் 31 முறை, 31 வெவ்வேறு விதையோடு ஓட்டுங்கள். ஒற்றைப்படை எண் என்பதால் இடைநிலை மதிப்பு ஓர் உண்மையான ஓட்டத்தில் போய் நிற்கும், அந்த ஓட்டத்தின் முகப்பை அப்படியே வரைந்து காட்டலாம். அதிகச் சிறந்த ஓட்டத்தைப் படமாகப் போடுவது பொருட்காட்சிக்கு நல்லது, அறிக்கைக்கு அல்ல.

31 ஹைப்பர்வால்யூம் எண்களின் சராசரிக்குப் பதில் இடைநிலையும் கால்மான இடைவீச்சும் (நடுப் பாதி எண்கள் பரவிய அகலம்) கொடுங்கள். இந்த எண்கள் மணி வடிவில் அரிதாகவே பரவும். இரண்டு நிரலை ஒப்பிட, எதன் எண்கள் பொதுவாகப் பெரியவை என்று தரவரிசையால் பார்க்கும் மான்-விட்னி சோதனை. இரண்டு நிரலும் ஒரே விதையில் ஒரே தொடக்கத் தொகுப்பிலிருந்து புறப்பட்டிருந்தால் மட்டும் ஜோடிச் சோதனை. மூன்று நிரல் என்றால் மூன்று ஜோடி. பல சோதனைகளில் ஒன்று தற்செயலாக வென்றுவிடாமலிருக்க ஹோல்ம் திருத்தம் போடுங்கள்: சோதனைகள் தந்த நிகழ்தகவுகளில் மிகச் சிறியதை 0.0167உடனும், அடுத்ததை 0.025உடனும், கடைசியை 0.05உடனும் ஒப்பிட வேண்டும், ஏதாவது ஓர் இடத்தில் தவறினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஓட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றுமில்லாத வித்தியாசமும் ஒருநாள் “குறிப்பிடத்தக்கது” ஆகிவிடும். அதனால் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதையும் சொல்லுங்கள். வார்கா-டெலானி அளவை கையாலேயே வரும்: சிவப்பின் 31 எண்களையும் நீலத்தின் 31 எண்களையும் ஜோடி சேர்த்தால் 961 ஜோடி. அதில் சிவப்பு வென்றவை 700 என்றால் 700 ÷ 961 = 0.728, சமமானவற்றுக்குப் பாதி மதிப்பெண். 0.5 என்றால் வித்தியாசமில்லை, 0.56 சிறிது, 0.64 நடுத்தரம், 0.71க்கு மேல் பெரிது என்பது அவர்கள் சொன்ன தோராயம்.

இரண்டு இலக்கு மட்டும் என்றால் எண்ணைவிட நல்ல ஒன்று கையில் இருக்கிறது: ஓட்டங்கள் எட்டிய இடத்தைக் காட்டும் கோடு. செலவு எல்லையாக 45ஐ எடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் 45 ஆயிரத்துக்குள் கிடைத்த மிகக் குறைந்த தாமதம் எது என்று பாருங்கள். அந்த விலைக்குள் விடையே இல்லாத ஓட்டத்துக்கு முடிவிலி. 31 தாமதங்களையும் ஏறுவரிசையில் அடுக்கி 16ஆவதை எடுங்கள். இதை 46, 47, 48 என்று 90 வரை செய்து புள்ளிகளை இணைத்தால், பாதிக்கு மேற்பட்ட ஓட்டங்கள் எட்டிய கோடு கிடைக்கும். இரண்டு நிரலின் கோடுகளையும் ஒரே படத்தில் போடுங்கள். சிவப்பு எங்கே முன்னால், நீலம் எங்கே முன்னால் என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடம் ஆலைக்கு வேண்டிய இடமா என்பதும் தெரியும். 31இல் 28ஆவதை எடுத்து இன்னொரு கோடும் போட்டால் நிரலின் மோசமான நாள் எப்படியிருக்கும் என்பது தெரியும். பருவத்தில் தினமும் ஓட்ட வேண்டிய நிரலுக்கு அந்தக் கோடுதான் இடைநிலையைவிட முக்கியம்.

பல சிக்கல்களில் நிரலைச் சோதித்தால் ஹைப்பர்வால்யூமைச் சிக்கல்களுக்குக் குறுக்கே சராசரி எடுக்காதீர்கள். ஒரு சிக்கலின் 0.7க்கும் இன்னொன்றின் 0.7க்கும் உறவில்லை. சிக்கலுக்குச் சிக்கல் தரவரிசை போட்டு, தரவரிசைகளில் உண்மையான வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் ஃப்ரீட்மன் சோதனை செய்யுங்கள்.

கருவிகள்

பைத்தானில் பைமூ, ஜாவாவில் ஜேமெட்டல், மேட்லாபில் பிளாட்எமோ ஆகியவற்றில் இந்த அளவைகளில் பல எழுதித் தயாராக இருக்கின்றன. எதை எடுத்தாலும் முதலில் 0 முதல் 1 வரை மாற்றிய நம் சிவப்பு, நீலத் தொகுப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். 1.1, 1.1 ஒப்புப் புள்ளிக்கு 0.777, 0.717 வர வேண்டும். வேறு எண் வந்தால் பெரும்பாலும் கருவி தானாக எல்லை எடுத்து மாற்றியிருக்கும், அல்லது ஒப்புப் புள்ளியைத் தன் விருப்பத்துக்கு வைத்திருக்கும். ஒப்புப் புள்ளிக்கு வெளியே விழும் விடைகளுக்குப் பங்கு சுழியம் என்பதால் அவை எத்தனை என்று தனியே எண்ணி வையுங்கள். தொகுப்பு முழுவதுமே வெளியே விழுந்தால் பரப்பு 0 வரும். அதைப் பிழை என்று நினைத்து அந்த ஓட்டத்தை நீக்கிவிடுபவர்கள் உண்டு. அது பிழையல்ல, அந்த நிரல் பெற்ற மதிப்பெண். 31 எண்களில் அதுவும் இருக்க வேண்டும்.

அறிக்கையில் எழுத வேண்டியது ஒரு பத்தியில் அடங்கும். நம் கணக்குக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இரு தொகுப்புகளும் ஆதிக்கத்தில் ஒப்பிட முடியாதவை. சேர்ந்த முகப்பின் எல்லைகள் செலவில் 40 முதல் 90 ஆயிரம், தாமதத்தில் 8 முதல் 20 மணி. ஒப்புப் புள்ளி 1.1இல் ஹைப்பர்வால்யூம் சிவப்பு 0.777, நீலம் 0.717, 1.0இலும் 1.333இலும் வரிசை மாறவில்லை. ஆலையின் எல்லையான 70 ஆயிரம், 18 மணியை ஒப்புப் புள்ளியாக வைத்தால் நீலம் 120, சிவப்பு 100. சிவப்பின் சாதகம் 70 ஆயிரத்துக்கு மேலும் 18 மணிக்கு அப்பாலும் உள்ள பரப்பிலிருந்து வருகிறது. ஆலையின் எல்லைக்குள் நீலம் பரிந்துரைக்கப்படுகிறது. எல்லை 65 ஆயிரத்துக்கு மேலிருக்கும் வரை, 10 மணித் தாமதம் தேவைப்படும் நாட்களுக்குச் சிவப்பின் 65, 10ஐ அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.”